தடை ஒண்டு இருக்கு, சுவாமி

என்னைப் பார்த்து ஊர் சிரிப்பது எனக்குப் புதிதல்ல. கோயில் பெருநாளுக்கு ஒலிவாங்கி பிடிப்பவன் நான். என் வண்டி வயிற்றையும் வழுக்கையையும் வைத்தே அரை மணித்தியாலம் ஓட்டிவிடுவேன். ஆனால் அந்தச் சிரிப்புகள் எல்லாம் நானே அவிழ்த்துவிட்டவை. நான் கேட்காமல், எனக்குச் சொல்லாமல், என்னை வைத்து முழுக் கோயிலையும் சிரிக்கவைத்த ஒரே ஆள் கொம்பனி அக்காதான். அதுவும் அவர் பகிடி விடவில்லை. பகிடி விட அவருக்குத் தெரியாது.

குருநகரில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை அவருடையது. பெயர் ஒன்று இருந்தது, ஒருவரும் அதைப் பாவிப்பதில்லை. லொறி விற்கும் கொம்பனி ஒன்றின் யாழ்ப்பாணக் கிளையில் அவருக்கு வேலை; ஆட்களுக்குப் போன் எடுத்துக் கதைக்கிற வேலை. அவருக்கு எதற்குப் போன் என்பது ஊருக்கு விளங்காத விசயம். "உவ யன்னலைத் திறந்துவிட்டாக் காணுமே, மானிப்பாய் மட்டும் கேக்கும்" என்பார்கள்.

குரல் அப்படி. தகப்பன் சங்கு குளித்தவர், இரண்டு காதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தவர். சோறு வேணுமோ என்று கேட்பதற்கே கத்திக் கேட்டு வளர்ந்த பிள்ளை அக்கா. தகப்பன் செத்துப் பல காலம். குரல் மட்டும் இறங்க மறந்துவிட்டது.

குரல் பெரிதாக இருப்பது ஒரு குற்றமல்ல. எதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வராது, அதுதான் வில்லங்கம். மினிபஸ்ஸில் ஒருமுறை, "தம்பி, உங்கடை சிப் திறந்திருக்கு" என்றார். எந்தத் தம்பி என்று சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் குனிந்து பார்த்தோம். பாட்டுப் பூசையில் நடுப்பாட்டை நிற்பாட்டி, "பின்வரிசையிலை ஆரோ வேறை பாட்டுப் படிக்கினம்" என்பார். ஒரு செத்தவீட்டில், பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுத மகனிடம் போய், "வருத்தமாக் கிடக்கேக்கை ஒருக்கா வந்து பாத்திருக்கலாம் தம்பி, மனிசன் வாசலைப் பாத்தபடி கிடந்தவர்" என்றார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒருவரும் அழவில்லை. பறைகூட ஒரு கணம் நின்றதாகச் சொல்வார்கள், அது என் போன்றவர்கள் பிறகு சேர்த்தது.

கோபமாகச் சொன்னால் திருப்பிக் கோபிக்கலாம். நக்கலாகச் சொன்னால் நான் இருக்கிறேன். அவர் இரண்டும் இல்லாமல், மழை வருது, உடுப்பை எடுங்கோ என்பதைப் போலச் சொல்வார். அதற்கு எப்படிப் பதில் சொல்வது? யாராவது, "என்ன அக்கா, நாலுபேருக்கு முன்னாலை, வெட்கமெல்லே?" என்றால், "வெட்கம் காய்ச்சல் மாதிரியப்பா. வரும், போகும். ஆள் போனாத்தான் திரும்பி வராது" என்பார்.

இனி என் லொறிக் கதை.

நான் மீன் லொறி வைத்திருந்தவன். எங்கள் கரையில் மீனையும் நண்டையும் வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவது தொழில். லொறி புதிதாக வந்த நாளில் பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். முன்கண்ணாடிக்கு மேலே அந்தோனியார் பெயர் எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். கண்டவர்களிடமெல்லாம், "இது லொறியில்லை, கப்பல். ஒற்றை விரலாலை திருப்பலாம்" என்று அளந்தேன். பழைய லொறி வைத்திருந்தவர்களைச் சந்தியில் மறித்து, "தள்ளவோ?" என்று கேட்டேன். அந்தக் கப்பலை நான் ஓட்டியதில்லை. நான் ஏறினால் வண்டி வயிறு ஸ்ரியறிங்கில் முட்டும். ஓட்டியவன் என் மச்சான், மனைவியின் தம்பி. வாய் திறக்காத பெடியன். நான் அவனுக்கும் சேர்த்துக் கதைத்தேன்.

ஒருநாள் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, உங்கடை லொறியைக் கொண்டுவந்து விடவேணும். அந்த வகை லொறியள் சிலதிலை ஸ்ரியறிங் பிழையாம். சில்லைத் திருப்பிற தடியின்ரை நுனியிலை ஒரு மூட்டு இருக்கு, அது கழரலாமாம். கழண்டா வளையம் கையிலை சும்மா சுத்தும், லொறி தன்ரை பாட்டிலை போகும். கொம்பனி சும்மா மாத்தித் தருது."

இதைக் கேட்டவுடன் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? லொறியைக் கொண்டுபோய் விடுவான். நான் என்ன செய்தேன்? சுற்றிவரப் பார்த்தேன், பக்கத்தில் யாருக்காவது கேட்டதோ என்று. போனுக்குள்ளே இருந்து வந்தாலும் அக்காவின் குரல் அக்காவின் குரல்தானே.

இதற்குக் காரணம் இருக்கிறது, வெளியூர்க்காரருக்கு விளங்காது. கொம்பனியின் முற்றம் பெரிய றோட்டோரம், கம்பி வேலிக்குப் பின்னால். எங்கள் பக்கத்தில் ஒரு லொறி கொம்பனி முற்றத்தில் நின்றால் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான்: லீசிங் கட்டவில்லை, பறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஸ்ரியறிங், மூட்டு, தடி என்று நீங்கள் ஒவ்வொரு ஆளாக மறித்து விளக்கலாம். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "பாவம், கடன்போலை" என்று அடுத்த ஆளிடம் சொல்வார்கள். படம் எடுத்துப் போட்டால், லொறி முற்றத்துக்குள் திரும்பி நிற்பதற்குள் கனடாவில் தெரிந்துவிடும். ஊரிலுள்ளவர்களை எல்லாம் "தள்ளவோ?" என்று கேட்டவன், அந்த வேலிக்குப் பின்னால் லொறியை நிறுத்தலாமோ?

"ஓம் அக்கா, நாளைக்கு வாறம்" என்றேன்.

நாளை வந்தது, நாங்கள் போகவில்லை. அக்கா திரும்ப எடுத்தார். இந்த முறை பகிடியால் மூடப் பார்த்தேன்.

"அக்கா, எங்கடை ஸ்ரியறிங்கை அந்தோனியார் எல்லே பிடிச்சிருக்கிறார்."

"அந்தோனியார் காணாமல் போன சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர் தம்பி. மூட்டு காணாமல் போனபிறகுதான் அவருக்கு வேலை. அதுக்கு முதல் கொண்டுவாங்கோ."

சிரித்துவிட்டு வைத்தேன். மச்சானுக்குச் சொல்லவில்லை. மச்சான் அன்று பின்னேரமும் ஐஸ் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனான்.

அவனுக்கு அப்போது கலியாணம் பொருந்தியிருந்தது. எங்கள் கோயில்களில் கலியாணத்துக்கு முதல் ஓலை வாசிப்பார்கள்: ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மாப்பிள்ளை பொம்பிளை பெயரைச் சொல்லி, இவர்கள் மணம் முடிக்கத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று சுவாமி கேட்பார். கேட்பதோடு சரி. ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். தடை தெரிந்தவர்கள் கோயிலுக்கு வெளியில், தேத்தண்ணிக் கடையில்தான் சொல்வார்கள். அதுதான் வழக்கம்.

சுவாமி வாசித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தடை ஒண்டு இருக்கு, சுவாமி."

பின்னால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் குரல் யாருடையது என்று கல்லறையில் கிடப்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும் முழுக் கோயிலும் திரும்பியது. பொம்பிளையின் தாய் நெஞ்சில் கை வைத்தார். பொம்பிளைப் பிள்ளை மச்சானைப் பார்த்தது. மச்சான் தன் வாழ்க்கையில் ஏதாவது செய்திருக்கிறேனோ என்று யோசிப்பது பிடரியில் தெரிந்தது. கொழும்புக்கு ஓடுகிற பெடியன். சனத்துக்குக் கற்பனை சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

"என்ன தடை?" என்றார் சுவாமி. அவருக்கு அதுவரை அப்படி ஒரு நிலைமை வந்திராது. கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"பெடியனிலை ஒரு பிழையும் இல்லை சுவாமி, தங்கமான பெடியன். அவன் ஓடுற லொறியின்ரை ஸ்ரியறிங்தான் பிழை. எந்த நேரமும் கழரும். கொம்பனி சும்மா மாத்தித் தாறமெண்டு எத்தனை தரம் கூப்பிட்டாச்சு. அத்தான்காறன் நாளைக்கு, நாளைக்கு எண்டு பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பிள்ளையைத் தாலி கட்ட முதல் விதவையாக்கக் கூடாது. அவ்வளவுதான் சுவாமி."

உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், வேலை முடிந்தது என்பதுபோல.

முதலில் சிரித்தது பாடகர் குழு. பிறகு பெடியள். பிறகு, நான் "தள்ளவோ?" என்று கேட்ட லொறிக்காரர்கள், பழிவாங்கும் முழுச் சுதியோடு. நானும் சிரித்தேன். எழும்பி நின்று கும்பிட்டு, பெருநாள் மேடையில் செய்வதுபோலக் கையைக் கூட ஆட்டினேன். அப்படிச் செய்யாவிட்டால் அந்த இடத்திலேயே உருகி, இருந்த வாங்குக்குக் கீழே ஓடியிருப்பேன். மச்சான் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமில்லை. "உண்மையோ அத்தான்?" என்று கேட்கிற பார்வை.

வீட்டுக்கு வந்தபின் மனைவி சோறு போடவில்லை. "இஞ்சாருங்கோ," என்றாள் மெல்ல, "என்ரை தம்பியை வைச்சோ பகிடி விட்டனீங்கள்?" பொம்பிளை வீட்டிலிருந்து ஆள் வந்தது: லொறியின் ஓலையை முதல் வாசிக்கட்டும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

அடுத்த நாள் காலை லொறி கொம்பனி வேலிக்குப் பின்னால் நின்றது. நான் வெளியில் நின்றேன், சனம் பார்க்கட்டும் என்று. ஒருவரும் லீசிங் என்று நினைக்கவில்லை. இதை விட லீசிங் என்று நினைத்திருக்கலாம். கழற்றி எடுத்த மூட்டைப் பார்த்தேன். வெடிப்பில்லை, கீறலில்லை, என்னைவிட உறுதியாக இருந்தது. மெக்கானிக், "இது வெளியிலை தெரியாது அண்ணை" என்றான். நான் எங்கே கேட்டேன்? அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்து ஊரெல்லாம் காட்டினேன். "பாருங்கோ, இதுக்குத்தான் என்ரை மானத்தை ஏலம் போட்டவ." கலியாணம் நடந்தது. கலியாண வீட்டிலும் காட்டினேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல தெளிவா விழுந்திருக்கு" என்றார்.

என்னில் பலித்தது அவருக்குத் துணிவைக் கொடுத்துவிட்டது. கொம்பனி சொன்னது போன் எடுக்கத்தான். எடுத்தால் எல்லோரும் என்னைப்போல "நாளைக்கு" என்றார்கள். ஆகவே அக்கா ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். உரும்பிராயில் ஒரு கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெடியனைப் பிடித்து, காணாமல் போன பிள்ளைகளின் அறிவித்தலுக்கு நடுவில் லொறி இலக்கத்தைச் சொல்லவைத்தார். "நீலச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவன் அழுதபடி நிற்கிறான். பின்வரும் இலக்கமுடைய லொறியின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும், உங்கள் ஸ்ரியறிங் பழுது." அந்த மனிதர் காவடிக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாராம், திருநீறு வியர்வையில் வழிய. அடுத்த நாள் லொறி வந்தது.

இப்படியே போய்ச் சண்டிலிப்பாயில் ஒருவரிடம் அகப்பட்டார்.

தோட்டக்காரர், வயதானவர். மரக்கறியும் புகையிலையும் ஏற்ற ஒரு லொறி வைத்திருந்தார். கனடாவிலுள்ள மகன் எடுத்துக் கொடுத்தது. சந்தையில் நாலுபேர் நடுவில் அக்கா அவரை மறித்து, "ஐயா, உங்கடை லொறி பிழையான லொறி" என்று தொடங்க, அவர் முகம் சுருங்கி, "அதை வித்தாச்சு" என்றார். ஆருக்கு? தெரியாது. எங்கை? வன்னிப் பக்கம். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து அவருடைய போனும் வேலை செய்யவில்லை.

அந்த நாட்களில்தான் அக்காவைக் கொம்பனிப் படலை வாசலில் நிற்கக் கண்டேன். போகிற வருகிற லொறிகளின் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் கையில் இருக்கும். "ஆரோ ஒருத்தன் தெரியாமல் ஓடுறான் தம்பி. நான் கத்தினதாலைதான் அவர் வித்தவர்" என்றார். அப்போதும் எதிர்க்கடைக்குக் கேட்டது.

கண்டுபிடித்தது மச்சான். ஒரு விடியப்புறம் அந்தப் பக்கத்துக் கரைக்கு மீன் ஏற்றப் போகும்போது, சண்டிலிப்பாய்ச் சந்தியில் அக்கா தேடிய இலக்கத்தோடு அதே லொறி, ஐயாவே ஓட்டிக்கொண்டு, ஆட்கள் எழும்பமுதல் பதுங்கிப் பதுங்கி. விற்கவேயில்லை. "அத்தான், நீங்கள் போய்க் கதையுங்கோ" என்றான். வாய் திறக்காதவன் கேட்டால் மறுக்கேலாது. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"நான் வந்தா ஒளிச்சிடுவார். ஆனா நான் வரத்தான் வேணும். நீங்கள் கதையுங்கோ தம்பி. நான் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறன்."

மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வாயைப் பொத்துவது எப்படி என்பதைப் பற்றி வழிநெடுக என் காதுக்குள் கதைத்துக்கொண்டு வந்தார். எனக்கு இப்போதும் இடது காது கொஞ்சம் மந்தம்.

ஐயா வீட்டில்தான் இருந்தார். வளவின் மூலையில், புகையிலைக் குடிலோடு ஒட்டி, தறப்பாளால் மூடி மேலே பனையோலை அடுக்கிய மலை ஒன்று. அதன் மேல் மிளகாய் வேறு காய்ந்தது.

"அது என்ன ஐயா?" என்றேன்.

"விறகு, தம்பி."

"நல்ல விறகு. சில்லும் இருக்கு."

நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. என் கோயில் கதையைச் சொன்னேன், ஒன்றும் விடாமல், கையை ஆட்டிக் காட்டி. ஐயா மரியாதைக்காகப் பல்லைக் காட்டினார். பிறகு, "விறகெண்டு சொல்லிப்போட்டன்" என்றார், விட்டுக்கொடுக்க முடியாதவராக. அக்கா பக்கத்தில் இரண்டு கையையும் வாயில் வைத்தபடி நின்றார். சத்தியமாக, இரண்டு கையையும்.

அப்போது ஐயாவின் புதுப் போன் அடித்தது. படத்தோடு கதைக்கிற அழைப்பு. மகன். அங்கே விடிந்து வேலைக்கு வந்திருக்கிறான், பின்னால் பனி.

"அப்பா, லொறியை ஒருக்காக் காட்டுங்கோ. இஞ்சை எங்கடை பெடியள் பாக்கவேணுமாம்."

ஐயா போனை மேலே பிடித்தார். முகட்டு ஓடு தெரிந்திருக்கும். "லொறி... லொறி தம்பி..." என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடனென்று ஊர் சொல்வது பற்றி அவருக்குக் கவலையில்லை. பெடியன் பனியில் நின்று உழைத்து வாங்கித் தந்த சாமான் பழுது என்று பெடியனுக்கு எப்படிச் சொல்வது? அதற்காக ஒவ்வொரு விடியலும் அந்த ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு உயிரைக் கையில் வைத்து ஓடியிருக்கிறார்.

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது, ரொறன்ரோவுக்குப் போனில்லாமலே கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

"தம்பி," என்றார் போனை வாங்கி, "நான் லொறிக் கொம்பனியிலையிருந்து கதைக்கிறன். உங்கடை அப்பாவைத் தேடித்தான் வந்தனாங்கள். நல்லா வைச்சு ஓடுற ஆக்களின்ரை லொறியளை மட்டும் தெரிஞ்செடுத்து, கொம்பனி ஸ்ரியறிங்கைப் புதுசாக்கிக் குடுக்குது. எங்கடை பகுதியிலை உங்கடை அப்பான்ரை லொறிதான் முதல். அதுதான் மூடி வைச்சிருக்கிறார், தூசு படாமல்."

நான் கண்ணைத் திறந்தேன்.

"அப்பா! சொல்லவேயில்லை!" என்றான் மகன்.

ஐயாவின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. "சொல்லுவமெண்டுதான் இருந்தனான்," என்றார், "நாளைக்குக் கொண்டுபோகவேணும். படம் எடுத்து அனுப்பிறன்."

திரும்பும் வழியில் அக்கா என் பின்னால் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஐயா வந்தார். லொறிக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை, சில்லுக்குக் கீழே தேசிக்காய். படலையில் இறங்கிப் படம் எடுத்தார். மெக்கானிக் கீழே படுத்து அந்த மூட்டைக் கையால் ஆட்டினான். கழற்றவில்லை, ஆட்டினான். மூட்டின் இரும்புக் குண்டு, அது பொருந்தியிருந்த கிண்ணத்தை விட்டு அவன் கையோடு வந்தது. அவன் அதைப் பிடித்தபடி எங்களைக் கூப்பிட்டான். ஐயா குனிந்து பார்த்தார். பிறகு மாலையைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது. நான் ஊரெல்லாம் காட்டிய என் மூட்டின் படத்தைப் போனிலிருந்து அழித்தேன்.

அந்தப் பொய் தன் பாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது. ஐயாவின் படம் ஊரூராகப் போனது. அக்கா தேடி அலைந்த லொறிகள் தாமாகவே வரத் தொடங்கின, மாலையும் சந்தனமுமாக. "எங்கடை லொறியைத் தெரிஞ்செடுக்கேல்லையோ? நாங்கள் வடிவா ஓடுறேல்லையோ?" என்று சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அக்கா, "ஓம், தெரிஞ்செடுத்திருக்கு, உங்கடையும் தெரிஞ்செடுத்திருக்கு" என்று சொல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன். பஸ்ஸில் சிப்பைச் சொன்னபோது சிவக்காத முகம்.

பெருநாளுக்கு முந்திய சனி பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். சுவாமி மரத்தட்டிக்குப் பின்னால் இருந்தார். வரிசையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாங்குகளில் காத்திருந்தோம். என்னோடு மச்சானும், அவன் புது மனைவியும், சந்தி லொறிக்காரர் இருவரும். அக்கா குனிந்த தலை நிமிராமல், எங்களைக் காணாமலே, எங்களுக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தார்.

"சுவாமி, நான் பொய் சொல்லிப்போட்டன்."

கோயில் முழுவதும் கேட்டது. மரத்தட்டிக்குப் பின்னாலிருந்து ஏதோ முணுமுணுப்பு.

"மெல்லமாத்தான் சுவாமி சொல்லுறன்" என்றார் அக்கா, அதே குரலில்.

பக்கத்து வாங்கில் ஒருவர் வாயைப் பொத்தினார். எனக்கும் வந்தது. பெருநாள் மேடைக்கு இதைவிட நல்ல சாமான் கிடைக்காது என்று மனம் கணக்குப் போட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் அப்படிப்பட்டவன்.

"ஒருக்கா இல்லைச் சுவாமி, ஒவ்வொரு நாளும். நல்லதுக்குத்தானே எண்டு சொல்லாதேங்கோ. நல்லதுக்கெண்டுதான் முந்தியும் கத்தினனான். உண்மையைச் சொல்லிச் சொல்லிச் சனத்தைக் கூனவைச்சன் சுவாமி. இப்ப பொய்யைச் சொல்ல, நிமிர்ந்துகொண்டு வருகினம். அந்த வயதுபோன மனிசன்ரை முகம் வெளிச்சதைப் பாத்து எனக்குச் சந்தோசம் வந்தது. இவ்வளவு காலமும் இது எனக்குத் தெரியேல்லையே. இதைவிட மற்றதுதானோ பாவம்?"

சுவாமி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அக்கா அழத் தொடங்கியிருந்தார். அழுகையும் பெரிய குரல்தான்.

"செத்தவீட்டிலை அந்தப் பெடியனை... கடல் சரியில்லாததாலை வரேலாமல் போனவனாம், பிறகுதான் அறிஞ்சன். கோயிலுக்கை வைச்சு அந்த மீன் லொறிக்காறத் தம்பியை... ஊரெல்லாம் சிரிச்சது சுவாமி. அவரும் சிரிச்சவர். கையை ஆட்டிக் காட்டினவர். ஆனா அவற்றை கால் நடுங்கினதை நான் கண்டனான். கண்டும், என்ரை வேலை முடிஞ்சுதெண்டு பேசாமல் இருந்தன்."

அதை வேறு யாராவது கண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் வாயைப் பொத்திய கையை எடுத்திருந்தார், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் எழும்பியது மச்சான். ஒரு சொல்லும் சொல்லாமல், மனைவியின் கையைத் தொட்டுவிட்டு, சுவரோரமாக வெளியே போனான். பிறகு சந்தி லொறிக்காரர்கள். பிறகு ஒவ்வொருவராக, வாங்கு கிறீச்சிடாமல், வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, திருடர்கள் மாதிரி. நான் கடைசி. என் வண்டியோடு சத்தமில்லாமல் எழும்புவது லேசல்ல. வாசலில் நின்றவர் கதவு அடிபடாமல் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணிப் பைப்படியில் நின்றோம். கால் கழுவ ஒருவருக்கும் தேவையில்லை, ஆனாலும் கழுவினோம்.

கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சுவாமி, இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லைப்போலை கிடக்கு."

சுவாமி ஏதோ பதில் சொன்னார். நாங்கள் குழாயைப் பூட்டிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொரு ஒழுங்கையால் கலைந்து போனோம்.